கிடா விருந்தில் மயங்கிய தாய்மாமன்: மதுவின் பின்னே மறைந்திருந்த வெப்பவாதம்

இது ஒரு மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் மே மாதத்தில் பார்க்கப்பட்ட, வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக், உடல்வெப்பம் கட்டுமீறி ஏறி மூளை குழம்பும் நிலை) கண்ட நோயாளியின் நிகழ்வு ஆய்வு. நோயாளியின் ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டோ விடப்பட்டோ உள்ளன. விருந்து நடந்த இடத்தில் நிகழ்ந்தவை, அங்கிருந்த உறவினர்கள் பின்னர் தனித்தனியே சொன்னவற்றை ஒப்பிட்டுத் தொகுக்கப்பட்டவை.

பின்னணி

கரூர் மாவட்டத்தில், அக்னி நட்சத்திரக் காலத்தில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குடும்பம் தன் குலதெய்வக் கோயிலில் குழந்தைக்குக் காது குத்திக் கிடா வெட்டி விருந்து வைத்தது. கோயிலைச் சுற்றி வேப்பமரங்கள் சிலவும் ஒரு பந்தலும் தவிர நிழல் கிடையாது. பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாள் அது. கரூர்ப் பக்கத்து மே மாதத்தில் இது புதுமையில்லை என்பதால் வந்திருந்தவர்கள் எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

நோயாளி குழந்தையின் தாய்மாமன். நாற்பதைத் தாண்டியவர். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக, குளிரூட்டப்பட்ட அறையில் வேலை பார்ப்பவர். வெயிலில் உழைத்துப் பழகிய உடல் அவருடையதன்று. வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை தேவைப்படும். அவர் முந்தைய நாள் இரவுதான் ஊர் வந்திருந்தார், அன்று சரியாக உறங்கவும் இல்லை. இரத்த அழுத்தத்துக்காக, டெல்மிசார்ட்டானுடன் சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும் காலையில் எடுத்து வந்தார். அன்றும் வெறும் காப்பியுடன் அதை விழுங்கியிருக்கிறார். மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தி முடியும்வரை சாப்பிடக் கூடாது என்று அவரே விரதம் இருந்தார். குடிப்பழக்கம் விசேஷ நாட்களோடு நின்றது என்று மனைவி சொன்னதும், நண்பர்கள் சொன்னதும் ஒத்துப்போயின.

தாய்மாமன் என்றால் சீர் வைப்பதோடு வேலை முடிவதில்லை. விறகு இறக்கியது, அடுப்படிக்குத் தண்ணீர்க் குடம் சுமந்தது, கிடா உரித்த இடத்திலிருந்து கறியை அண்டாவுக்குக் கொண்டு சேர்த்தது எல்லாம் அவரும் அவருடைய பங்காளி ஒருவருமே. சீராக வந்த முழுக்கைப் பட்டுச் சட்டையைக் கடைசிவரை அவர் கழற்றவில்லை.

விருந்தில் நிகழ்ந்தவை

நண்பகலுக்குச் சற்றுப் பின், பம்ப்செட் கொட்டகைக்குப் பின்புறம் ஆண்கள் சிலர் கூடினர். முந்தைய நாளே வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த பாட்டில்கள் அங்கு இருந்தன. நோயாளி 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றையும், பிறகு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறையப் பாதியையும் குடித்தார். வறுத்த ஈரல் நாலைந்து துண்டு தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை. ஒன்றரை மணியளவில் பந்திக்குச் சோற்று அண்டா தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதும் எழுந்து போனார்.

இரண்டேகால் மணிக்கு முதல் மாற்றம் தெரிந்திருக்கிறது. எப்போதும் அமைதியாகப் பேசும் மனிதர், இலை போடுவதில் முறை தவறிவிட்டதாகச் சொல்லித் தன் அக்காள் கணவரிடம் கத்தினார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வேனை நோக்கித் தள்ளாடி நடந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வேனின் ஓரத்தில் விரித்திருந்த தார்ப்பாயில் அவர் படுத்தபோது அங்கே நிழல் இருந்தது. பிறகு நிழல் அவர்மேலிருந்து விலகிவிட்டது. சூடேறிய இரும்புக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் அவர் கிடந்தார். இடையில் ஒருமுறை வாந்தி எடுத்திருக்கிறார். எழுப்பப் போன தங்கை மகன், "மாமா, எந்திரிச்சு நெழலுக்கு வாங்க" என்று இரண்டு முறை உலுக்கிப் பார்த்தும் பதிலாக முனகல்தான் வந்தது. அவன் போய்ச் சொன்னபோது, "போதை எறங்கட்டும், தூங்க விடு" என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார்.

அந்த வார்த்தையில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. குடித்தவன் உளறுவான், தள்ளாடுவான், வாந்தி எடுப்பான், தூங்குவான் என்று நாம் அறிந்த ஒவ்வொன்றும் அங்கே கண்முன் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. அவரோடு அமர்ந்து அவரைவிட அதிகம் குடித்த மூவர் அந்த நேரத்தில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பீரும் அரைக் குவார்ட்டரும் வளர்ந்த ஆண் ஒருவருக்குப் போதை தரும். ஆனால் அவரை உலுக்கியும் எழாத நிலைக்கு அவ்வளவு எளிதில் தள்ளுவதில்லை.

தாமதமாக விருந்துக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், ஈரோட்டில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ், மூன்று மணிக்கு வேனைத் தாண்டிப் போகும்போது அவரைக் கவனித்தார். அவர் செய்த முதல் வேலை, சட்டைப் பொத்தானை அவிழ்த்து நெஞ்சில் புறங்கையை வைத்ததுதான். கொதித்தது. அதே வேளையில் தோல் நனைந்திருந்தது. வெப்பவாதத்தில் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்று பலரும் படித்திருப்பதால், வியர்வையைக் கண்டதும் "இது வேறு ஏதோ" என்று ஒதுக்குவது வழக்கம். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவருக்கு வருகிற வகைக்கு அந்த இலக்கணம் பெரும்பாலும் பொருந்தும். உடலுழைப்பால் வருகிற வகையில் வியர்வை கடைசிவரை இருக்கலாம்.

நர்ஸ் எடுத்த முடிவுகள்

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு 108 ஆம்புலன்சுக்கு அழைப்பு போனது. வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததும், காரில் ஏற்றிப் போய்விடலாம் என்று உறவினர்கள் பரபரத்தார்கள். நர்ஸ் சம்மதிக்கவில்லை. வெயிலில் நின்றிருந்த காருக்குள் ஏற்றினால் வழியெல்லாம் சூடு ஏறும், மருத்துவமனை சேரும்வரை குளிர்விக்க வழியிருக்காது. இங்கே பம்ப்செட் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது என்பதே இன்றைய மருத்துவ நெறியும்கூட. உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளை, கல்லீரல், சிறுநீரகம், தசை எல்லாவற்றையும் சேதப்படுத்துகிறது. அரை மணி நேரத்துக்குள் அதை இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது.

பம்ப்செட் தொட்டிக்குள் இறக்கிவிடலாமா என்றும் பேச்சு வந்தது. குளிர்நீரில் உடலை அமிழ்த்துவதுதான் இருப்பதிலேயே வேகமான வழி. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும், நினைவில்லாத ஒருவரைத் தொட்டியில் பிடித்து நிறுத்தப் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இல்லை. மூச்சுக்குழாயில் வாந்தியோ தண்ணீரோ போய்விட்டால் வெப்பத்தைவிட அது முந்திக்கொள்ளும். எனவே கொட்டகையில் கிடந்த கயிற்றுக் கட்டிலை வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடைகளைக் களைந்து, இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். மோட்டாரைப் போட்டதும் முதலில் வந்த தண்ணீர் கைவைக்க முடியாதபடி சுட்டது, வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயின் வேலை. அதை ஓடவிட்டு, ஆழ்துளைக் கிணற்றின் குளிர்ந்த நீர் வந்த பிறகே குடம் பிடித்தார்கள். இருவர் மாறி மாறிக் கழுத்திலிருந்து தொடைவரை ஊற்ற, பந்தலில் இருந்த நின்ற மின்விசிறி பக்கவாட்டில் வைக்கப்பட்டது. தண்ணீர் படாத தூரத்தில் ஒயரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள ஒரு பையனை நிறுத்தியதும் நர்ஸ்தான். பீர் பாட்டில்களுக்காக வந்த ஐஸ், துண்டில் சுற்றப்பட்டு அக்குளிலும் கழுத்தின் இரு பக்கங்களிலும் தொடையிடுக்கிலும் வைக்கப்பட்டது.

கயிற்றுக் கட்டில் அங்கே தற்செயலாகக் கிடைத்தது என்றாலும், அதன் பொருத்தத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. மக்காவில் ஹஜ் பயணிகளுக்கு வரும் வெப்பவாதத்துக்காக உருவாக்கப்பட்ட குளிர்விப்புப் படுக்கையும் வலைப்பின்னல் கொண்டதே: நோயாளியை வலைமேல் கிடத்தி, நுண்துளியாக நீரைத் தெளித்துக் காற்றை வீசும்போது முதுகுப் பக்கமும் காற்றுபட்டு நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துப் போகிறது. தரையிலோ தார்ப்பாயிலோ கிடத்தினால் உடலின் பாதிக்கு அது கிடைப்பதில்லை.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. கொதிக்கும் உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று பாட்டி ஒருவர் குடத்தைப் பிடித்துக்கொண்டார். போதை தெளிய மோரும் எலுமிச்சைச் சாறும் வாயில் ஊற்ற வேண்டும் என்று ஆண்கள் நின்றார்கள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதில் மட்டும் நர்ஸ் இறங்கி வரவில்லை. மூன்றரை மணிக்கு ஒரு நிமிட அளவுக்கு வலிப்பு வந்தது. யாரோ சாவிக்கொத்தை எடுத்து நோயாளியின் கையில் திணித்தபோது, அது கையில் இருப்பதால் கெடுதல் இல்லை என்று அவர் விட்டுவிட்டார். பல்லுக்கிடையே கரண்டிக் காம்பை நுழைக்க வந்தவரை மட்டும் விலக்கினார். எதில் விட்டுக்கொடுப்பது, எதில் கூடாது என்ற இந்தத் தெளிவு அந்த நெரிசலில் எளிதில் வாய்ப்பதன்று.

சுகாதார நிலையத்தில் கண்டவை

ஆம்புலன்ஸ் மூன்றே முக்கால் மணிக்கு வந்தது. நனைந்த துணி போர்த்தி, ஏ.சி.யை முழுமையாக வைத்து, நான்கு மணி தாண்டிச் சில நிமிடங்களில் எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அக்குளில் வைத்த வெப்பமானி 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 101 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. சாதாரணக் காய்ச்சலின் அளவு அது. ஐஸ் வைத்த அக்குளின் வெப்பம் உள்ளுறுப்புகளின் வெப்பம் ஆகாது என்பதால் மலக்குடல் வழியாக அளந்தபோது 40.4 டிகிரி இருந்தது, பாரன்ஹீட்டில் ஏறத்தாழ 104.7. அரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றிய பிறகும் இவ்வளவு என்றால், தார்ப்பாயில் கிடந்தபோது எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். நாடித்துடிப்பு 138, இரத்த அழுத்தம் 90/60, மூச்சு நிமிடத்துக்கு 30. வலித்தால் கையை இழுத்துக்கொண்டார், பேச்சு புரியவில்லை. விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை 54 மில்லிகிராம்.

விருந்தில் மதுதான் எல்லாவற்றுக்கும் விடையாக இருந்தது. மருத்துவமனையில் அதே மது ஒளித்து வைக்கப்பட்டது. "கறி ஒத்துக்கல, வெயில் வேற" என்றுதான் கூட வந்தவர்கள் சொன்னார்கள். வாசனை மூக்கில் அடித்துக்கொண்டிருக்க, கேட்ட ஒவ்வொருவரும் மறுத்தார்கள். காரணம் தெரிய நேரமாகவில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பிறகு, குடித்து மயங்கியவர் என்று பதிவேட்டில் எழுதினாலே போலீஸ் விசாரணை வரும், விருந்து வைத்த குடும்பம் மாட்டிக்கொள்ளும் என்று அவர்கள் பயந்தார்கள். நோயாளியின் மனைவியைத் தனியே அழைத்து, எவ்வளவு குடித்தார் என்று குறை சொல்வதற்காக அல்ல, எந்த மாத்திரை கொடுக்கலாம் என்று முடிவு செய்யவே கேட்கிறோம் என்று விளக்கியதும், அளவு, நேரம், பாட்டிலில் லேபிளும் முத்திரையும் இருந்தது, இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் அவர் சொன்னார்.

சிகிச்சையும் அதற்கான காரணங்களும்

சர்க்கரை இறங்கியிருந்தது கவனத்துக்குரியது. வெறும் வயிற்றில் மது போகும்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கும் வேலை தடைப்படுகிறது. முந்தைய இரவுக்குப் பின் சரியாகச் சாப்பிடாத ஒருவருக்குச் சேமிப்பும் தீர்ந்திருக்கும். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசல் 100 மில்லியும் சிரை வழியே கொடுத்ததில் சர்க்கரை 130-ஐத் தாண்டியது. நினைவு ஓரளவே தெளிந்தது. சர்க்கரைக் குறைவு மட்டும் காரணமாக இருந்திருந்தால் சில நிமிடங்களில் கண் விழித்திருப்பார். குழப்பத்துக்கு வெப்பமே முதற்காரணம் என்பது அதில் உறுதியானது.

குளிர்விப்பு தொடர்ந்தது. தடுப்பூசி அறையின் ஐஸ் பேக்குகள், தெளிப்பான், இரண்டு விசிறிகள். காய்ச்சலுக்குப் போல் பாராசிட்டமால் போடச் சொன்ன உறவினருக்கு மறுக்க வேண்டியிருந்தது: காய்ச்சலில் மூளையே உடல்வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதை இறக்கும்; இங்கே அளவு உயரவில்லை, வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடுதான் தோற்றுவிட்டது, அதனால் அந்த மருந்து பயன் தராது, அடிபட்டிருக்கும் கல்லீரலுக்குச் சுமையும் ஆகும். குளிரால் நடுக்கம் வந்தபோது, நடுக்கமே வெப்பத்தை உண்டாக்கும் என்பதாலும் மீண்டும் வலிப்பு வரக்கூடும் என்பதாலும் மிடசோலம் சிறு அளவில் கொடுக்கப்பட்டது. நான்கரை மணிக்கு உள்வெப்பம் 39 டிகிரிக்கு வந்ததும் குளிர்விப்பை நிறுத்தினோம்; அதற்குமேல் தொடர்ந்தால் வெப்பம் அளவுக்குக் கீழே சரிந்துவிடும். அதுவரை ஒன்றரை லிட்டர் நார்மல் சலைன் ஏறியிருந்தது.

மெத்தனால் சந்தேகத்தைக் கைவிட முடியாது, அதன் பின்னாலேயே போகவும் முடியாது. மெத்தனால் தானாக உடனே கெடுப்பதில்லை. கல்லீரலில் அது பார்மிக் அமிலமாக மாறிய பிறகே கண் நரம்பையும் மூளையையும் தாக்குகிறது. கூடவே சாதாரண மதுவும் உள்ளே இருந்தால் அந்த மாற்றம் இன்னும் தள்ளிப்போகும், ஆகவே பார்வை மங்கல், வயிற்றுவலி போன்றவை பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தெரியவரும். குடித்து இரண்டு மணி நேரத்தில் நினைவிழந்தது அதற்குப் பொருந்தவில்லை. ஒரே பாட்டில்களிலிருந்து குடித்த மற்றவர்கள் நலமாக இருந்தார்கள். இருந்தும் அந்த மூவரையும் மறுநாள்வரை கவனித்துக்கொள்ளச் சொல்லி, கண் மங்கினால் உடனே வர வேண்டும் என்று அறிவுறுத்தி, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் இரத்த வாயுப் பரிசோதனைக்கான குறிப்புடன் நோயாளியை ஐந்து மணிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

பின்னர் நடந்தவை

மருத்துவக் கல்லூரியில் பார்த்த இரத்த வாயுவில் லேசான அமிலத்தன்மை இருந்து, திரவம் ஏற்றியதும் சில மணி நேரத்தில் சரியானது. மெத்தனால் என்றால் அது ஏறிக்கொண்டே போயிருக்கும். அன்று இரவு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. வெப்பத்தில் சிதைந்த தசைகளின் நிறமிதான் அது. மறுநாள் சி.கே. என்னும் தசை நொதி இயல்பைவிடப் பல மடங்காக 8,000-ஐத் தாண்டியிருந்தது; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் 2.1-க்கு உயர்ந்திருந்தது. இழந்த நீர், மாத்திரையால் போன நீர், மதுவால் போன நீர் என மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை வறண்ட நிலையில் வைத்திருந்தன. மது, சிறுநீரைத் தடுத்து வைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அடக்கிவிடுகிறது. சில்லென்று உள்ளே போன பீர் தாகத்தைத் தணித்ததுபோல் காட்டி, அடிக்கடி ஒதுங்க வைத்து நீரை வெளியேற்றியிருக்கிறது. மணிக்கணக்கில் திரவம் ஏற்றிச் சிறுநீரைப் பெருக்கியதால் டயாலிசிஸ் தேவைப்படவில்லை. கல்லீரல் நொதிகள் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்ப் பின் இறங்கின. தலை சி.டி. ஸ்கேன் சீராக இருந்தது.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். ஆனால் முழுமையாகத் திரும்பினார் என்று எழுத முடியவில்லை. நடை அகன்று தள்ளாடியது, பேச்சு இழுத்தது. உடல் சமநிலையைக் கவனிக்கும் சிறுமூளையின் உயிரணுக்கள் வெப்பத்துக்கு மிக எளிதில் பலியாகக்கூடியவை. மூன்று மாதம் கழித்து வந்தபோது பேச்சு தெளிந்திருந்தது, நடை ஏறக்குறைய நேராகியிருந்தது. ஆனால் கை நடுங்கியது. அடுக்கிய துணிமேல் கட்டிங் மெஷினை வளைவுக் கோட்டில் ஓட்ட அந்தக் கைக்கு முடியவில்லை. கம்பெனி அவரைச் செக்கிங் பிரிவுக்கு மாற்றியது, சம்பளம் குறைந்தது. இரத்த அழுத்த மாத்திரை நீர்பெருக்கி சேராத வகைக்கு மாற்றப்பட்டது.

மாற வேண்டியவை

இரண்டேகால் மணியிலிருந்து மூன்று மணி வரை வீணாகப் போன நேரத்துக்கு இந்த நடுக்கம்தான் விலை என்று கருதுகிறேன். வெயிலில் உழைத்தவர் எவரும் குணம் மாறிப் பேசினால், தள்ளாடினால், எழுப்பியும் எழாவிட்டால், குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதற்கு வெப்பமானியோ படிப்போ வேண்டியதில்லை. சூடாக இருந்தால் வெப்பவாதம் என்றே கொண்டு தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிடலாம். பிறகு அது வெறும் போதை என்று தெரிந்தால் நனைந்ததைத் தவிர நட்டமில்லை.

விருந்துகளில் குடிக்காதீர்கள் என்று சொல்லி ஒரு மருத்துவர் நல்ல பெயர் வாங்கலாம், பலன் இருக்காது. நடைமுறையில் கேட்கக்கூடியது வேறு: சாப்பிட்ட பிறகு, பொழுது சாய்ந்த பிறகு, தூக்கிச் சுமக்கிற வேலைகளெல்லாம் முடிந்த பிறகு. அந்தக் குடும்பத்தில் இப்போது கிடா விருந்தைத் தை, மாசிக்கு மாற்றிவிட்டார்கள் என்று நோயாளியின் மனைவி சொன்னார். எந்த அறிவுரையையும்விட அது மேலானது.

எங்கள் நிலையத்தில் மூன்று மாற்றங்கள் செய்தோம். கோடை மாதங்களில் மலக்குடல் வெப்பமானி அவசர சிகிச்சைத் தட்டிலேயே இருக்கிறது. நினைவு குழம்பி வருகிறவர் எவருக்கும் வாசனை எதுவாக இருந்தாலும் சர்க்கரையும் உள்வெப்பமும் முதலில் அளக்கப்படுகின்றன. பதிவேட்டில் "மது அருந்தியவர்" என்று மட்டும் எழுதி முடிப்பதில்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் வகுத்திருக்கும்போது, காரணத்தை மது என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் அதைக் கேட்கும் வழியே அடைபட்டுவிடும்.

ஆம்புலன்சை அழைக்கும்போது சொல்லும் வாசகமும் கவனத்துக்குரியது. அன்று முதலில் பேசிய உறவினர் "ஒருத்தர் மயங்கிக் கிடக்கிறார்" என்று மட்டும் சொன்னார். நர்ஸ் போனை வாங்கி, வெயிலில் வேலை செய்தவர், உடம்பு கொதிக்கிறது, உளறுகிறார், குடித்திருக்கிறார், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அதே வரிசையில் சொன்னார். வண்டி கிளம்பும்போதே ஏ.சி. போடப்பட்டது, ஈரத்துணிக்குத் தண்ணீர் நிரப்பப்பட்டது.